டஸ்கனியில் வைப்பர் போட்ட கதை

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியிலுள்ள ஃபுளோரன்ஸில் ஒரு குட்டி ஃபியட் பாண்டா காரை வாடகைக்கு எடுத்தோம். இடப்பக்க ஸ்டியரிங். நம்மூர்ப் பழக்கத்தில் இண்டிகேட்டர் என்று நினைத்து வலக்கையால் தட்டினால் வைப்பர் ஓடுகிறது. சுள்ளென்ற வெயிலில், ஒவ்வொரு திருப்பத்திலும்! "ஏங்க, மழையா பெய்யுது?" என்று வீட்டம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

சான் ஜிமிஞ்ஞானோ என்ற ஊரில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தனவாம், பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவை. இன்று மிச்சம் 14. பக்கத்து வீட்டுக்காரனைவிட ஒரு மாடி உயர்த்துவது உலகப் பொதுவியாதி போல.

அப்புறம் சியெனா நகரம். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகையைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். பழைய ஊருக்குள் அனுமதியில்லாத காரைக் கேமரா பிடித்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்துக்கூட வீடு தேடி வரும். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு மூச்சிரைக்க மேடேறினோம். 1339இல் தேவாலயத்தைப் பிரம்மாண்டமாக விரிக்கத் தொடங்கி, 1348 கொள்ளைநோயோடு நின்றுபோன மொட்டைச் சுவர் இன்னும் நிற்கிறது. எனக்கு முழுக்கோயிலைவிட அதுதான் பிடித்தது.

நாளை லூக்கா நகரம். அதன் மதில்மேல் நாலு கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளில் வைப்பர் இல்லை.