எட்டுக்கால் ஐசி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு 28 வருடம் பிசிக்ஸ் நடத்தினேன். சயன்ஸ் கிளப்பும் என் தலையில்தான். 1998 நவம்பரில், உபஜில்லா சாஸ்திரமேளா என்கிற வட்டார அறிவியல் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கூவுகிற அலாரம் செய்வதாகச் சொன்னான். எங்கள் ஊர் மழை மறைவுப் பகுதி. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து தண்ணீர் வழிந்தால் வீட்டில் சண்டையே நடக்கும். சரி, உருப்படியான யோசனை என்று சாமான் வாங்க நானே கோயமுத்தூர் போனேன்.

திரும்பும் பஸ்ஸை எல்லையில் போலீஸ் நிறுத்தியது. என் பையில் 9 வோல்ட் பேட்டரி நான்கு, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), ஒரு சுருள் ஒயர், பில். பில்லில் கடைக்காரர் எழுதியிருந்தது: '555 டைமர் – 5.'

டைமர் என்ற சொல்தான் என்னைக் கீழே இறக்கியது.

555 என்பது 1972-ல் விற்பனைக்கு வந்த எட்டுக்கால் சில்லு, அதாவது ஐசி. கூடவே ஒரு ரெசிஸ்டர், ஒரு கப்பாசிட்டர். இரண்டின் மதிப்பையும் பெருக்கி, அதை 1.1-ஆல் பெருக்கினால் எவ்வளவு நேரம் என்று வந்துவிடும். 1 மெகா ஓம், 10 மைக்ரோ ஃபாரட் என்றால் 11 விநாடி. அன்று இரவு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று போலீஸ்காரர்களுக்கு இந்தப் பாடத்தை எடுத்தேன். எடுக்க எடுக்க என் நிலைமை மோசமானது.

"அப்ப இதுல நேரம் வைக்கலாம்?"

"வைக்கலாம்..."

"தூரத்துல இருந்து ஸ்விட்ச் போடலாம்?"

"ரிலே இருந்தா போடலாம்ங்க."

அவர்களை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அந்த பிப்ரவரி 14-ல்தான் கோவையில் தொடர் குண்டு வெடித்து 58 உயிர் போயிருந்தது. பத்து மணிக்கு எச்.எம். வீட்டு லேண்ட்லைன் கிடைத்தது. "அவர் எங்க மாஷ்தான்" என்றார். அதுவரை 'யோவ்' ஆக இருந்தவன் 'சார்' ஆனேன். டீ வந்தது. பையில் இருந்த சாமான் அதேதான், ஒன்றும் மாறவில்லை.

அடுத்த மே மாதம் ராஜீவ் கொலை வழக்கின் தீர்ப்பைப் பத்திரிகையில் படித்தபோது அந்த பெஞ்ச் நினைவுக்கு வந்தது. பேரறிவாளன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது. கைதானபோது வயது 19. இது தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் குற்றம் அல்ல என்று உச்ச நீதிமன்றமே 1999-ல் சொன்னது. ஆனால் தடாவின் 15-ஆம் பிரிவில் போலீஸ் அதிகாரி பதிந்த வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது. சட்டம் போய்விட்டது, அதன் காகிதம் நின்றது. பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, பதிந்த அதிகாரியே ஓய்வுபெற்ற பிறகு 2013-ல் சொன்னார். விடுதலை 2022 மே 18-ல்.

என் கதையை அதன் பக்கத்தில் வைக்கவே கூச்சமாக இருக்கிறது. நான் பிடிபட்டபோது தடா காலாவதியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. 2008-க்குப் பிறகான யுஏபிஏ, அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் என்றால்? குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் வரை காத்திருக்கலாம்; மேலோட்டமாகப் பார்த்து குற்றச்சாட்டு உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் என் பை எப்படித் தெரிந்திருக்கும்?

பையனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆனால் அடுத்த வருடத்தில் இருந்து என்னை அறியாமலே தெர்மோகோல் எரிமலைப் பக்கம் பிள்ளைகளைத் தள்ள ஆரம்பித்தேன். ராக்கெட் செய்கிறேன் என்று வந்த ஒரு பெண்ணிடம் "அதெல்லாம் வேண்டாம்மா, சோலார் குக்கர் பண்ணு" என்றேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் கடைக்குப் போவதை மட்டும் விடவில்லை. பில் போடும்போது கடைக்காரர் கேட்பார், "டைமர் எத்தனை சார்?"

"அஞ்சு. எட்டுக்கால் ஐசின்னு எழுதுங்க."