காற்று ஓய்ந்த பிறகு தளம் போடுங்கள்

ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் கடலோரத்தில் வீடும் கட்ட வேண்டும், பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் கடலில் சறுக்கும் கைட் சர்ஃபிங்கும் விடக்கூடாது என்றால் வேலை நாட்களைக் காற்றைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். மே கடைசி முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று, டிசம்பர் பிறந்தால் வாடை என்னும் வடகிழக்குக் காற்று. கைட்டைத் தூக்கும் அதே காற்றுதான் இன்னும் இறுகாத கான்கிரீட்டின் மேல்நீரை உறிஞ்சி, சில மணி நேரத்தில் தளத்தில் மயிரிழை வெடிப்பு விடுகிறது. அதனால் காற்று சோம்பிக் கிடக்கும் மார்ச், ஏப்ரலில் தளம். காற்று மாதங்களில் பூச்சு, வயரிங் போன்ற உள்வேலை.

அதற்கு முன் மனை. 'கடலுக்கு நூறடிதான்' என்று தரகர் பெருமையாகச் சொன்னால் அங்கேயே நின்று யோசியுங்கள். கடல் ஏறும்போது தண்ணீர் தொடும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மத்திய அரசின் 2011 அறிவிக்கைப்படி ஊரகப் பகுதியில் முதல் 200 மீட்டரில் புது வீடு எழும்பாது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமுள்ள ஊரகப் பகுதிக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. மனையின் சர்வே எண் அந்த மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உப்புச் சாரல் படும் இடத்துக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கேட்பது எம்35 கான்கிரீட் (எம் எண் கூடக் கூட வலு கூடும்), கன மீட்டருக்குக் குறைந்தது 340 கிலோ சிமென்ட், கம்பிக்கு 50 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம். பெட்டியால் அளந்து போடும் 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவை எம்20 தான், இங்கே போதாது. ஆய்வகத்தில் சோதித்து வகுத்த கலவை அளவை (டிசைன் மிக்ஸ்) வாங்கி எடைபோட்டுக் கலக்க வேண்டும். 1000 சதுர அடி, 5 அங்குலத் தளத்துக்குக் குறைந்தபட்சமே 80 மூட்டை சிமென்ட் ஆகும். மூட்டைக்கு 22.5 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது, மணலில் உள்ள ஈரமும் அதில் சேர்த்தி. 'இழுக்க வரலைங்க' என்று வேலையாட்கள் ஒரு வாளி கூடுதலாக ஊற்றுவார்கள். வீடு கெடுவது அந்த வாளியில்தான். இளக்கம் வேண்டுமென்றால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் திரவம் சேர்க்கலாம்.

கவருக்குக் கல் துண்டு, மரச்சில் வேண்டாம். கான்கிரீட் கவர் பிளாக் வையுங்கள். கட்டுக்கம்பியின் நுனியை உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நுனி போதும், துரு அதைப் பிடித்து உள்ளே நடந்துவிடும். மனையில் போட்ட போர் தண்ணீரைச் சோதிக்காமல் தொடாதீர்கள்: கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பான குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் லாரித் தண்ணீர்தான், தளத்தை நனைக்கவும் அதேதான். சல்ஃபேட் எதிர்ப்பு சிமென்ட்டைக் கடைக்காரர் நீட்டுவார். குளோரைடு உள்ள இடத்தில் இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட்டே நல்லது. ஆனால் 14 நாள் நனைக்க வேண்டும்.

காற்று மாதத்தில் தளம் போட்டே ஆக வேண்டுமா? விடியுமுன் தொடங்கி பத்து மணிக்குள் முடித்து, இறுகும்வரை பாலிதீன், பிறகு ஈரச்சாக்கு. மாலை கடலுக்குப் போகலாம், ஆனால் சாக்கை நனைக்க ஒரு ஆளை நிறுத்திவிட்டு.

கைட்டை மனையிலிருந்து ஏற்றாதீர்கள். கயிறு 20 முதல் 24 மீட்டர். காற்று போகும் திசையில் அதைப்போல் இரு மடங்கு வெறுமையாக இருக்க வேண்டும். மனையிலோ தூண் கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். கச்சானில் வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் தண்ணீர் தட்டையாகத்தான் தெரியும், ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கிறது. கயிறு அறுந்தால் நடுக்கடல்தான். படகு காவல் இல்லாமல் இறங்கக் கூடாது.

வெளிக்குழாய் ஒன்றை வாசலுக்கு முன்பே வையுங்கள், பக்கத்தில் கைட் உலர நிழலில் ஒரு கொடிக்கயிறு. ஸ்டீல் சாமான் 316 தரம். 304 இங்கே பழுப்படிக்கும். பலகையைத் தண்ணீருக்கு மேல் தூக்கும் ஃபாயில் இறக்கையின் அலுமினியக் கம்பத்தில் ஏறும் ஸ்டீல் திருகுக்குக் கிரீஸ் போடாமல் விட்டால் சில வாரத்தில் இறுகிப்போய், கழற்றும்போது தலை மட்டும் கையோடு வரும்.