பீலித் தண்ணீரும் 14 சென்ரிமீற்றரும்

நவம்பர் 2, 2024, சனி, கல்லடி, மட்டக்களப்பு

தீபாவளி முடிந்து இரண்டு நாட்கள். இன்னும் கண்ணாடியை நேராகப் பார்க்கவில்லை. தை மாதம் மச்சாளின் கல்யாணம். அதற்குள் தலையில் அங்கங்கே செம்பு நிறக் கீற்றுகள் இருந்தால் எடுப்பாக இருக்குமென்று எனக்குத் தோன்றியதுதான் வினை. பட்டணத்தில் ஒரு பியூட்டி பார்லர். பெயரை எழுதப்போவதில்லை, பாதிப் பிழை என்னுடையது. ரீபொண்டிங் (மருந்து பூசி மயிரை நேராக்குவது) செய்த தலையா என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பிளீச்சைப் பூசி, வெள்ளித்தாளைச் சுற்றி, முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். கழுவும்போது கையில் வந்தது தலைமயிர் இல்லை, ஊறிப்போன சேமியா.

குளியலறை வாசலில் கிடந்த துண்டுகளை அம்மம்மா பொறுக்கிச் சுருட்டினார். உதிர்ந்த மயிரைக் கண்ட இடத்தில் எறியக்கூடாது என்பது அவருடைய சட்டம். "இது சவுரிக்கும் உதவாது மகள்" என்றார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நவம்பர் 4, திங்கள்

25ஆம் திகதி தம்பிக்கு உயர்தரப் பரீட்சை. இரசாயனவியல் மீட்டிக்கொண்டிருப்பவனுக்கு என் தலை ஒரு பயிற்சி வினாவாகிவிட்டது. மயிர் என்பது கெரட்டின் புரதம். அதன் இழைகளைக் குறுக்கே கட்டிவைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். ரீபொண்டிங்கில் தயோகிளைக்கோலேற்றுக் களிம்பு அவற்றை அறுக்கிறது, சூட்டில் நீட்டுகிறார்கள், பிறகு பெரொக்சைட்டால் மறுபடி கட்டுகிறார்கள். எல்லாம் திரும்பக் கட்டுப்படுவதில்லை. அப்படி ஏற்கெனவே நலிந்த மயிரில்தான் நான் பிளீச் ஏற்றியிருக்கிறேன். பிளீச் கறுப்பு நிறமியை மட்டும் கரைத்துவிட்டு மரியாதையாக வெளியே போவதில்லை. மிஞ்சிய கந்தகப் பிணைப்புகளையும் ஒட்சியேற்றிச் சிஸ்டெயிக் அமிலமாக்கிவிடுகிறது.

"அது திரும்பி வராது அக்கா" என்றான், ஏதோ மரண அறிவித்தல் வாசிப்பவனைப் போல.

அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். உச்சியிலிருந்து 14 சென்ரிமீற்றர் புதிதாக வளர்ந்தது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். ரீபொண்டிங் செய்தது போன வருடம் செப்டெம்பரில். கணக்குச் சரி. முறிவதெல்லாம் அந்த 14க்குக் கீழேதான்.

நவம்பர் 6, புதன்

தீபாவளிக்கு லண்டனில் இருந்து வந்த மாமி, புறப்படுமுன் தன்னுடைய ஓலாப்ளெக்ஸ் என்ற மயிர் மருந்தின் மூன்றாம் இலக்கப் போத்தலைத் தந்துவிட்டுப் போனார். பாதிக்கு மேல் இருக்கிறது. 2014இல் சந்தைக்கு வந்த சாமான்; கிரேக் ஹோக்கர், எரிக் பிரெஸ்லி என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் கலிபோர்னியாவில் உருவாக்கியது. அறுந்து தனித்து நிற்கும் கந்தக முனைகளை இரண்டு பக்கமும் பிடித்து இணைப்பது அதன் வேலை என்கிறது கம்பனி.

தம்பி உடனே கேட்டான்: "தனித்து நிற்கும் முனைகளைப் பிடிக்கும், சரி. அமிலமாகிப்போனவற்றை?"

அதற்குத்தான் இதன் முதலாம் இலக்கத்தை சலூன்களில் பிளீச்சோடேயே கலக்கிறார்கள். சேதம் நடக்கும்போதே பிடிக்க வேண்டும். நான் ஒரு வாரம் பிந்திவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

முதல் தடவை. ஈரத் தலையில் பூசிக் குறைந்தது பத்து நிமிடம் வைத்து, பிறகு ஷாம்பு, கொண்டிஷனர். எளிய வேலை. ஆனால் விடியற்காலையிலேயே அம்மம்மா என் தலையைத் தேங்காய் எண்ணெயில் குளிப்பாட்டியிருந்தார். எண்ணெய்க்கு மேலே மருந்து எப்படிப் பிடிக்கும்? ஷாம்பு போட்டு எடுத்துவிட்டுத்தான் பூசினேன். அம்மம்மாவுக்குக் கோபம். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: தேங்காய் எண்ணெயிலுள்ள லோரிக் அமிலம் மயிருக்குள் ஊறிச் சென்று, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது, ஆய்வில் கண்ட விடயம். ஆகவே சமாதான உடன்படிக்கை: எண்ணெய்க்குப் புதன், போத்தலுக்கு ஞாயிறு.

நவம்பர் 17, ஞாயிறு

இரண்டாம் தடவை. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 28, வியாழன்

மூன்று நாட்களாக விடாத மழை. முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் இல்லை. பரீட்சையை ஒத்திவைத்துவிட்டார்கள், இரண்டு நாள் எழுதிவிட்டு வந்த தம்பி மெழுகுதிரியை முறைத்துக்கொண்டிருக்கிறான்.

கிணறு கலங்கிவிட்டது. ஓட்டுப் பீலியின் கீழ் வாளி வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரில் தலை முழுகினேன், வேறு வழியில்லாமல். காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தேன். மறுபடி தொட்டேன். அந்த வைக்கோல் மொரமொரப்பு இல்லை! போத்தலின் வேலை என்று சொல்ல ஆசைதான், ஆனால் போன ஞாயிறு நான் அதைத் தொடவேயில்லை.

எங்கள் கேத்தலின் உள்ளே சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே தோண்டிய கிணறு, வேறெப்படி இருக்கும். பிளீச் பட்ட மயிரின் அமில முனைகள் கல்சியத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று தம்பி சொன்னது இப்போதுதான் உறைத்தது. நான்கு வாரமாக என் தலையும் ஒரு கேத்தலாகத்தான் இருந்திருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

பீலித் தண்ணீரை இரண்டு பரலில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். அம்மா சிரிக்கிறார். அயலவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்று நான்காம் தடவை. ஈர மயிர் ஒன்றை இரண்டு விரல்களால் இழுத்துப் பார்த்தேன். நல்ல மயிர் ஈரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நீண்டு திரும்பி வரும். நவம்பரில் என்னுடையது சவ்வுபோல் நீண்டுகொண்டே போய் அறுந்தது. இன்று கொஞ்சம் நீண்டது, கொஞ்சம் திரும்பியது, பிறகுதான் அறுந்தது. இதைப் போத்தலின் கணக்கில் எழுதுகிறேன்; அதற்குரியதை அதற்குக் கொடுக்க வேண்டும்.

சீப்பில் வருவதையும் பிரித்து எண்ணுகிறேன். நுனியில் வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. நாளுக்கு ஐம்பது முதல் நூறு வரை எல்லோருக்கும் உதிரும். குமிழ் இல்லாதவை முறிந்தவை. முன்பு பாதிக்கு மேல் குமிழ் இல்லாதவை. இன்று 38இல் 11.

டிசம்பர் 22, ஞாயிறு

போத்தல் முடிந்தது. நுனிகள் அப்படியேதான் பிளந்திருக்கின்றன. பிளந்த நுனியை ஒட்டும் பிணைப்பு எதுவும் எந்தப் போத்தலிலும் இல்லை. கொண்டிஷனர் போட்டால் அடுத்த முழுக்கு வரை ஒட்டியதுபோல் நடிக்கும். வேலைத்தலத்தில் இரண்டு பேர் அந்தப் போத்தலின் பெயர் கேட்டார்கள். அவர்கள் பிளீச் செய்ததில்லை, ரீபொண்டிங்கும் செய்ததில்லை. ஒரு மாதச் சீட்டுக் காசை வீணாக்காமல் தேங்காய் எண்ணெய் வாங்கச் சொன்னேன். நம்பவில்லை.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

திருவெம்பாவை. நாலு மணிக்கு முழுகி, ஈரத் தலையோடு கோயிலுக்கு ஓட்டம். ஈரத்தில்தான் மயிர் மிகவும் பலவீனம், எனவே சீப்பைத் தொடாமல் போனேன். பேய்க்கோலம். மாணிக்கவாசகர் மன்னிப்பார், மாமிமார் மன்னிக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

வெட்டிவிட்டேன். பழையது முழுவதையும் எடுத்தால் 16 சென்ரிமீற்றர்தான் மிஞ்சும். அவ்வளவு துணிவு வரவில்லை. தோளோடு நிறுத்தினேன். வெட்டிய அக்கா முதலில் கேட்டது: "இதற்கு முன்னர் என்னென்ன செய்தீர்கள்?" கண் கலங்கிவிட்டது எனக்கு.

இரவு, கல்யாணத்துக்குக் கொண்டை எப்படிக் கட்டுவது என்று அம்மா புலம்பிக்கொண்டிருக்க, அம்மம்மா எழும்பிப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். பழைய சேலைத்துண்டில் சுற்றிய சவுரி ஒன்று. அவருடைய மயிர்தான், அம்மா பிறந்த பிறகு உதிர்ந்ததைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டியதாம். கறுப்பு மாறவில்லை. என் 16 சென்ரிமீற்றரின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை.

தம்பி அதில் ஒன்றை உருவி, தண்ணீரில் நனைத்து இழுத்தான். நீண்டது. விட்டான். திரும்பியது.

"எனக்குத் தெரியாமல் என் சவுரியில் என்ன செய்கிறாய்?" என்று அவனுடைய தலையில் குட்டு விழுந்தது.