நாக்பூர் லோடும் தென்னாப்பிரிக்கப் பெட்டியும்

கிருஷ்ணகிரி என்றால் எல்லோருக்கும் மாம்பழம்தான் நினைவுக்கு வரும். மா பருவம் ஓய்ந்ததும் எங்கள் குளிர்பதனக் கிடங்கின் அறைகளை நிரப்புவது ஆரஞ்சும் சாத்துக்குடியும். இறங்கும் சரக்கைப் பிரித்துப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. இந்தியா, தென்னாப்பிரிக்கா என்ற இரண்டு நாட்டுப் பழங்களை அருகருகே வைத்துப் பார்க்க இந்த வேலை எனக்கு வாய்ப்புத் தந்தது.

இரண்டும் இங்கே சந்திப்பது சாலைகளால். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு வழியாக வந்து, கிருஷ்ணகிரியைத் தொட்டுத் தருமபுரிப் பக்கம் இறங்குகிறது. நாக்பூர் ஆரஞ்சு அதில் வருகிறது. தென்னாப்பிரிக்க ஆரஞ்சு சென்னையில் கப்பலிலிருந்து இறங்கி, வேலூர், ஆம்பூர் வழியாக வந்து சேர்கிறது.

வெளிநாட்டுப் பழம் நம் விவசாயியின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று மண்டியில் அடிக்கடி பேசுவார்கள். மாதங்களைப் பார்த்தால் அது பாதிதான் உண்மை. தென்னாப்பிரிக்காவில் அறுவடை மே வாக்கில் தொடங்கிச் செப்டம்பர், அக்டோபர் வரை நடக்கிறது. நாக்பூரில் குளிர் முடியும்போது பூக்கும் அம்பியா பருவப் பழம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும். ஜூன் மழையில் பூக்கும் மிருக் பருவப் பழம் அடுத்த பிப்ரவரி, மார்ச்சில். ஒன்று முடியும்போது மற்றது தொடங்குகிறது. போட்டியைச் சந்திப்பது அதே மாதங்களில் வரும் ஆந்திரத்துச் சாத்துக்குடிதான்.

பூப்பதிலேயே இரண்டு நாடுகளும் வேறுபடுகின்றன. அங்கே குளிர்காலம் மரத்தை உறங்கவைத்து, வசந்தத்தில் ஒருமுறை பூக்கவைக்கிறது. பாசனமும் உறுதியானது, சண்டேஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கு ஆரஞ்சு என்ற பெயருள்ள ஆற்றின் தண்ணீரைச் சுரங்கம் வழியாகவே கொண்டுவந்திருக்கிறார்கள். மிருக் பருவத்துக்கோ நம் விவசாயி கோடையில் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவிடுகிறார். ஜூன் மழையில் அது பூக்க வேண்டும். மழை தள்ளிப்போனால் பூ குறையும், வாட்டம் மிஞ்சினால் மரமே பட்டுப்போகும். அத்தகைய ஆண்டுகளை அடுத்த பிப்ரவரியில் எங்கள் வாசலுக்கு வரும் லாரிகளின் எண்ணிக்கையே காட்டிவிடும். இவ்வளவு ஆபத்தைத் தாங்கி விளைவித்த பழத்தைத் தென்னாப்பிரிக்கப் பழத்தோடு ஒப்பிட்டு, "சீக்கிரம் அழுகுகிறது" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஒப்பீடே தவறு. நாக்பூர் ஆரஞ்சு கமலா இனம். நகம் பட்டால் தோல் கழன்றுவிடும். அந்த இளக்கமும் மணமும்தான் அதன் அருமை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் வலன்சியா ரக ஆரஞ்சுக்குத் தோல் சதையோடு ஒட்டியிருக்கும். வாரக்கணக்கில் குளிர்ப்பெட்டியில் கடல் கடக்க அது தாங்கும். வலன்சியாவுக்கு உடன்பிறப்பு நம் சாத்துக்குடி. ஒப்பிடுவதானால் அந்த இரண்டையும்தான் ஒப்பிட வேண்டும். அப்போதும் நிறம் ஏமாற்றும். இரவுகள் குளிர்ந்தால்தான் தோலின் பச்சை மறையும். சாத்துக்குடி விளையும் ஆந்திரத்து அனந்தபூரின் வெதுவெதுப்பான இரவுகளில் பழுத்த பழமும் பச்சையாகவே நிற்கும். "காயைக் கொடுக்கிறீர்களே அண்ணா" என்று தள்ளுவண்டிப் பெண்கள் கேட்கும்போது, ஒன்றை அறுத்துக் காட்டுவதைத் தவிர வேறு பதில் இல்லை.

நாம் உண்மையில் பின்தங்கியிருப்பது பெட்டியில். தென்னாப்பிரிக்க அட்டைப்பெட்டி 15 கிலோ. அதன்மேல் 72, 88 என்று ஓர் எண் இருக்கும். உள்ளே அத்தனை பழங்கள், எல்லாம் ஒரே அளவு. விளைந்த தோட்டத்துக்கு ஒரு குறியீடு, பெட்டி கட்டிய கூடத்துக்கு இன்னொன்று. பூஞ்சணம் பிடித்திருந்தால் எங்கே தவறு என்று தேடிப் போகலாம். விளைச்சலில் பெரும்பங்கை ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாடு அது. இந்த ஒழுங்கு இல்லாமல் அவர்களுக்கு வழியில்லை. நம் விளைச்சல் ஏறக்குறைய முழுவதையும் நாமே தின்றுவிடுகிறோம், அதனால் யாரும் வற்புறுத்தவில்லை.

எங்கள் லோடில் பல தோட்டத்துப் பழங்கள் கலந்து வரும். மரத்தில் இருக்கும்போதே வியாபாரி மொத்தமாகப் பேசி எடுத்துவிடுவதால், வண்டி கிளம்பும்போதே விவசாயி மறைந்துவிடுகிறார். கமலாவைக் கத்தரியால் காம்போடு வெட்ட வேண்டும். பிடித்து இழுத்தால் காம்படியில் தோல் கிழிந்து, அந்த வழியாகப் பூஞ்சணம் நுழையும். பொறுமையாக வெட்டியவர் பழமும் அவசரமாக இழுத்தவர் பழமும் ஒரே கிரேட்டுப் பெட்டியில் கிடக்கின்றன. கழிவு என்று நான் எழுதும் தொகை இருவர் தலையிலும் சமமாக விழுகிறது. என் கையாலேயே அந்த அநியாயத்தை எழுத வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

மெழுகு பூசும் இயந்திரமோ தரம் பிரிக்கும் கூடமோ பிறகு வரட்டும். தோட்டத்துக்கு ஓர் எண் கொடுத்து, அதைக் கிரேட்டில் எழுதி அனுப்ப எந்த முதலீடும் தேவையில்லை. அனந்தபூர் ஒரே இரவுப் பயணத் தொலைவுதான் என்பதால் சாத்துக்குடியில் தொடங்கலாம் என்று அங்கிருந்து அனுப்பும் வியாபாரிகளிடம் சொல்லி வருகிறேன். ஒருசிலர் எழுதி அனுப்புகிறார்கள். அவர்கள் சரக்கின் கழிவைத் தோட்டவாரியாகப் பிரித்து அவர்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். மற்ற லாரிகளில், வரூட், மோர்ஷி, காட்டோல் என்று நாக்பூர்ப் பக்கத்து ஊர்ப் பெயரையாவது ஓட்டுநரிடம் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன்.