கித்தா

பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தில் மூன்று முறை கேட்டுவிட்டார்கள். என் பெயரைச் சொன்னால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஆளே தெரியாது. 'கித்தா' என்றால் தெரியும்.

1970இல் எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தவன் நான். பிறந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அப்பா பால்மரம் வெட்டியவர்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை கிடையாது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது, அப்பாவுக்குச் சீட்டு கிடைக்கவில்லை, ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போல நாங்களும் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினோம். நாகப்பட்டினத்தில் அந்தக் கப்பல் கரைக்கு வராது; கடலிலேயே நிற்கும், தகரப் பெட்டிகளோடு படகில் இறங்கித்தான் வர வேண்டும். அங்கிருந்து மன்னார்குடிப் பக்கம், மாமா வீடு.

ஊருக்குத் திரும்புகிறோம் என்றார் அப்பா. அவர் திரும்பினார், சரி. நான் எங்கே திரும்பினேன்? முதல் தடவையாக அல்லவா வந்தேன்! மேட்டூர்த் தண்ணீர் வந்து நடவு நடந்த வயலில் மாமா இறங்கச் சொன்னபோது, முழங்கால் வரை சேறு இழுத்ததில் அலறியே விட்டேன்.

வகுப்பில் முதல் நாளே பக்கத்துப் பையனிடம் "கித்தா இருக்கா?" என்று கேட்டேன். அழிக்கிற ரப்பரைத்தான் கேட்டேன். மலாய்ச் சொல், தோட்டத்தில் எல்லோரும் சொல்வது. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். மறுநாள் காலையில் "பசியாறிட்டியா?" என்று கேட்டதற்கும் பெஞ்சே சிரித்தது. அப்போது கூத்தாநல்லூர்ப் பையன் ஒருவன் எழுந்து, "ஏண்டா பல்லைக் காட்டுறீங்க, எங்க வீட்டுலயும் காலையில அப்படித்தான் கேப்பாங்க" என்றான். அவன் வீட்டு ஆட்களும் சிங்கப்பூர், மலேயா என்று போய்வந்தவர்கள். அந்தச் சொல் எங்கள் தாத்தாக்களோடு இங்கிருந்து கப்பலேறிப் போனதுதான் என்பது என் கட்சி.

ஒரு வருடத்தில் உங்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு ஒரு பேச்சு, பள்ளிக்கு ஒரு பேச்சு. அம்மாவுக்கு அது வரவில்லை. ஒருநாள் பள்ளி அலுவலக வாசலில் நின்று "கிராணி ஐயா, கிராணி ஐயா" என்று குமாஸ்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்தில் அப்படித்தான். பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். "யார்ரா அது?" என்று ஒருவன் கேட்டான். தெரியலை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டேன். அம்மா என்னைப் பார்த்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. சாயங்காலம் வழக்கம்போலச் சோறு போட்டது.

இப்போது லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்குப் பதினான்கு வயது. காலையில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேன். போன மாதத்திலிருந்து, பள்ளி வாசல் வேண்டாம், தெரு முனையிலேயே இறக்கிவிடுங்கள் தாத்தா என்கிறான். மகளுக்குக் கோபம், அவனைக் கூப்பிட்டுக் கேள் என்கிறாள். நான் கேட்கவில்லை. முனையிலேயே நிறுத்துகிறேன்.

அந்தக் கூத்தாநல்லூர்க்காரன் இதைப் படித்தால் சங்கத்துக்கு ஒரு வரி எழுதட்டும். கித்தா விசாரித்தான் என்று சொல்லுங்கள்.