எட்டடித் தடம்

தாராபுரம் பக்கம் 2 ஏக்கர் 40 சென்ட் புன்செய் வாங்கினேன். விலை பேசி முடிக்க ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. அந்த நிலத்துக்குப் போகும் தடத்துக்காக அலைந்தது ஏழு மாதம்.

முதல் தடவை பார்க்கப் போனது மாசியில். தார்ச்சாலையிலிருந்து இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் இறங்கினோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி இலை உதிர்த்து முள்ளாக நின்றது. இட்டேரி முடிகிற இடத்தில் ஒரு படல். தரகர் வண்டியை விட்டு இறங்காமலே அதைக் காலால் தள்ளித் திறந்தார். உள்ளே பக்கத்துக்காரரின் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு: கொழுக்கட்டைப் புல், நாலைந்து வெள்வேல மரங்கள், பத்திருபது செம்மறிகள். அதன் தென்கரையோரமாக 180 அடி போனால் விலைக்கு வந்த நிலம். "காலங்காலமாக வண்டி போகிற தடம்" என்றார் தரகர். மண்ணில் டிராக்டர் டயரின் தடயமும் இருந்தது. சென்ட் 25,000 ரூபாய். சாலையோர நிலங்களைவிட வெகுவாகக் குறைவு. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அரசின் இணையதளத்தில் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (ஊர் நிலக் கணக்கு) எடுத்துப் பார்த்தேன். இட்டேரிக்குத் தனிப் புல எண் இருந்தது, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றும் எழுதியிருந்தது. அதுவரை சந்தோஷம். கொறங்காட்டுக்குள் ஓடிய 180 அடிக்கு மட்டும் ஒரு புள்ளிக்கோடுகூட இல்லை. அரசுக் கணக்கில் அது பக்கத்துக்காரரின் பட்டா நிலம், அவ்வளவுதான்.

நேராக அவரிடமே போய்க் கேட்டேன். அறுபத்தைந்து வயதுக்காரர், நல்ல மனிதர். மோர் கொடுத்து உட்காரவைத்து, "தாராளமாகப் போய்வாருங்கள் தம்பி, நான் எப்போதாவது வேண்டாம் என்றேனா?" என்றார். மனம் குளிர்ந்து, அதை அப்படியே வக்கீலிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தப் பேச்சுதான் உங்களுக்கு ஆபத்து" என்றார்.

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, அடுத்தவர் நிலத்தில் 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாகவே நடந்தால் அந்தத் தடம் பாத்தியமாகும், அதாவது நடப்பவருக்கு உரிமையாகும். பக்கத்துக்காரர் பெரிய மனதோடு விட்ட வழியில் நடந்தால் அது வெறும் அனுமதி. நாற்பது வருடம் நடந்தாலும் அது உரிமையாகாது. அவர் மனம் மாறினாலோ, அவர் மகன் வந்து கம்பிவேலி போட்டாலோ நான் நீதிமன்றத்தில்தான் நிற்கவேண்டும். அந்த மோர் டம்ளரை நினைத்துச் சங்கடமாக இருந்தது.

வக்கீல் சொன்ன அடுத்த வேலை நிலத்தின் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்தைத் தேடுவது. வில்லங்கச் சான்று 1975இலிருந்துதான் இணையத்தில் கிடைத்தது. எங்களுக்கு வேண்டியதோ அதற்கு முந்தைய பாகப்பிரிவினை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, மூன்று நடை நடந்து, 1974ஆம் ஆண்டுப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கினேன். விற்பவரின் அப்பாவும் பெரியப்பாவும் பிரித்துக்கொண்ட பத்திரம். கொறங்காடு பெரியப்பாவின் பங்கு. பக்கத்துக்காரர் பின்னாளில் அதைத்தான் கிரயம் வாங்கியிருக்கிறார். கையெழுத்து பூச்சி பூச்சியாக இருந்தது. நாலாம் பக்கத்தின் அடியில் அந்த வரி: தென்புறம் கிழமேலாக 8 அடி அகலத் தடத்தில் ஆள், கால்நடை, வண்டி போகவர பாத்தியம்.

பாத்தியம் கிடைத்துவிட்டது, ஆனால் எட்டடி. மாட்டுவண்டிக்கு அது ராஜபாட்டை. ஆழ்துளைக் கிணறு போடும் லாரி வந்தால் ஒரு பக்கச் சக்கரம் பக்கத்துக்காரரின் புல்லில்தான் ஏறும். 1974இல் லாரியை யார் நினைத்தார்கள்?

கூடுதலாக எட்டடியை விலைக்குக் கேட்டேன். 180 அடி நீளத்துக்கு 1,440 சதுர அடி, சுமார் 3.3 சென்ட். "நிலத்தை அரையடிகூடக் கொடுக்கமாட்டேன். போகிற உரிமையை வேண்டுமானால் எழுதித் தருகிறேன்" என்றார் பக்கத்துக்காரப் பெரியவர். அதற்கு ஒரு தொகை கேட்டார், கொடுக்க ஒப்புக்கொண்டேன். புதிய எல்லையில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு வேலி எடுத்துத் தருவதும் என் பொறுப்பு.

யார் பெயரில் எழுதுவது என்பதில் நான் தடுமாறினேன். எனக்கு அப்போது அங்கே ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. வக்கீல் தெளிவாக இருந்தார்: தடப்பாத்தியம் நிலத்தோடு போவது, ஆளோடு போவதில்லை. அதனால் பெரியவர் இப்போதைய உரிமையாளரான விற்பவருக்கு, அவருடைய வாரிசுகளுக்கும் அவரிடம் வாங்குபவர்களுக்கும் சேர்த்து, 16 அடிக்கு வரைபடத்தோடு எழுதிக்கொடுத்தார். அதைப் பதிவு செய்தபிறகே என் கிரயப் பத்திரம். பெரியவரின் மகனைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தோம். நாளைக்கு 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லக்கூடாது அல்லவா.

இனி எழுதுவதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். விற்றவர் 5 ஏக்கரில் முன்பாதியைத்தான் எனக்குக் கொடுத்தார். பின்னால் இருக்கும் 2 ஏக்கர் 60 சென்ட் அவருடையது. அங்கே போக என் நிலத்தைத்தான் தாண்டவேண்டும். "எனக்கும் 16 அடி" என்றார். 240 அடி நீளம். கணக்குப் போட்டால் 8.8 சென்ட், இரண்டு லட்சத்துக்கு மேல். "பத்தடி போதாதா அண்ணா?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. இட்டேரிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுதாமல் விட்டாலும், வேறு வழியே இல்லாத நிலத்துக்குச் சட்டமே வழி கொடுக்கும், அகலத்தைப் பற்றித்தான் சண்டை வரும் என்று வக்கீல் முன்பே எச்சரித்திருந்தார். 16 அடி என்றே எழுதினோம். கிரயத் தொகையில் கொஞ்சம் குறைத்துக்கொடுத்தார்.

உட்பிரிவுக்கு நில அளவர் வந்தபோது சங்கிலியைப் பிடித்து நானும் நடந்தேன். புது எண்ணில் பட்டா வந்தது. தடம் புலப்படத்தில் ஏறவில்லை, பத்திரத்தில் மட்டும் இருக்கிறது. அதனால் இரண்டு ஓரத்திலும் எல்லைக்கல் நட்டு, கல்லோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்துவைத்தேன்.

பெரியவர் தன் பத்திரத்தில் கடைசியாக ஒரு வரியைக் கேட்டு எழுதவைத்தார்: படலைத் திறப்பவர் தாண்டியதும் மூடவேண்டும், செம்மறிகள் வெளியே போய்விடும். போன வாரம் கிணறு போட லாரி வந்தது. நான் முன்னால் ஓடிப் படலைத் திறந்தேன். லாரி உள்ளே போனதும், கொறங்காட்டு மர நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் கையை உயர்த்திப் படலைக் காட்டினார். மூடிவிட்டு நடந்தேன்.