டிஎஃப் ஒரு கணக்கு, டியூ ஒரு கணக்கு

கிருஷ்ணகிரி வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் டெபியன் (லினக்ஸ் வகை ஓஎஸ்) போட்டு, குடும்ப போட்டோக்களுக்கு சர்வராக்கி இரண்டு மாதம் ஆகிறது. ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். உள்ளே எட்டிப் பார்க்க இந்த வாரம்தான் உட்கார்ந்தேன்.

முதலில் அப்டைம், மெஷின் எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்று காட்டும் கமாண்ட். செவ்வாய்க்கிழமை 19 நாள் என்று காட்டியது. புதன் இரவு ஏழரைக்கு ஓசூரிலிருந்து வேலை முடித்து வந்து பார்த்தால் 3 மணி 12 நிமிடம்! "பகல்ல கரண்டு போச்சாம்மா?" என்றேன். "போகவே இல்லையேடா." மெஷின் எப்போது நின்றது, எழுந்தது என்று காட்டும் லாஸ்ட் -எக்ஸ் அடித்தேன். முறையாக நிறுத்தியிருந்தால் ஷட்டவுன் என்று ஒரு வரி இருக்கும், இல்லை. அப்படியென்றால் கரண்டுதான் போயிருக்க வேண்டும். கரண்டு வந்ததும் தானே எழும்படி பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) வைத்திருக்கிறேன், அது எழுந்தது நாலே காலுக்கு. அம்மா தூங்கும் நேரம்.

ரேம் கணக்கைக் காட்டும் ஃப்ரீ -எச் அடித்ததும் கொஞ்சம் பயந்தேன். 8 ஜிபி ரேமில் ஃப்ரீ என்ற பத்தியில் 300 எம்பிதான். பார்க்க வேண்டியது அவைலபிள் பத்தியாம். அதில் 6 ஜிபி இருந்தது. சும்மா கிடக்கிற ரேமில் லினக்ஸ் ஃபைல்களை வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுவிடும்.

வெள்ளிக்கிழமைதான் கூத்து. போட்டோ ஏறவில்லை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் -எச் போட்டால் 109 ஜிபியில் 104 நிரம்பிவிட்டது, மிச்சம் பூஜ்யம், 100%. (இடையில் உள்ள 5 ஜிபி, எக்ஸ்ட்4 என்ற ஃபைல்சிஸ்டம் ரூட்டுக்கென்று, அதாவது அட்மினுக்கென்று, ஒதுக்கி வைப்பது.) தேடினால், நானே எழுதிய பேக்கப் ஸ்கிரிப்டின் லாக் ஃபைல் (அது செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஃபைல்) 36 ஜிபி! ஆர்எம் போட்டு அழித்தேன். மறுபடி டிஎஃப். அதே 100%.

சுடோவோடு (அட்மின் உரிமையோடு) டியூ -எக்ஸ்எஸ்எச் போட்டு மொத்த டிஸ்க்கையும் கூட்டச் சொன்னேன். 68 ஜிபி என்றது. 104 எங்கே, 68 எங்கே? அரை மணி நேரம் மண்டை காய்ந்தது. டியூ ஃபோல்டர் ஃபோல்டராகப் போய், பெயர் இருக்கிற ஃபைல்களை மட்டும் கூட்டுகிறது. டிஎஃப் நேராக ஃபைல்சிஸ்டத்திடம் எத்தனை பிளாக் (டிஸ்க்கின் சிறு துண்டு) போயிருக்கிறது என்று கேட்கிறது. நான் அழித்தது பெயரைத்தான். ஸ்கிரிப்ட் இன்னும் அந்த ஃபைலைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது, அதனால் இடம் விடுபடவில்லை. பெயர் போயும் திறந்தே இருக்கும் ஃபைல்களைக் காட்டும் சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடித்ததும் ஆள் சிக்கினான்: அதே லாக் ஃபைல், வரிக் கடைசியில் 'டெலீட்டட்'.

சர்வீஸ்களை நிறுத்தி ஓடவைக்கும் சிஸ்டம்சிடிஎல்லில் அந்த ஸ்கிரிப்டின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். டிஎஃப் 65% என்றது. நின்றுபோயிருந்த காதுகுத்து போட்டோக்கள் ஏற ஆரம்பித்தன. லாக் ஃபைல் இப்படிப் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் லாக்ரொடேட்டை அமைப்பது ஞாயிற்றுக்கிழமை.